தொடரிலக்கமும் வரலாற்றுச் சான்றும்: ஜேர்மன் இயந்திரத் துப்பாக்கிகள் பற்றிய ஒரு நோக்கு

வரலாற்று மூலாதாரங்கள் எனும்போது கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏட்டுச்சுவடி ஆகியனவே உடனடியாக எமது நினைவுக்கு வருகின்றன. கைத்தொழிற் புரட்சியின் பின்னர் தொழிற்சாலைகளிற் பல்லாயிரக்கணக்கில் உற்பத்தியான பொருள்களும் எழுத்தைத் தாங்கியே வெளிவந்தன என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. உற்பத்தி செய்த நிறுவனத்தின் பெயர், ஆண்டு, பரிசோதகரின் முத்திரை, தொடரிலக்கம் ஆகியவை உலோகத்தில் அடித்துப் பொறிக்கப்பட்டன. இரு உலகப் போர்களின் வரலாற்றை ஆராய்வோருக்கு இப்பொறிப்புக்கள் ஒருவகைக் கல்வெட்டுக்களாகவே அமைகின்றன. கல்வெட்டை வாசிப்பதற்கு ஒரு முறையியல் இருப்பது போன்று இவற்றை வாசிப்பதற்கும் ஒரு முறையியல் உண்டு. அதனைப் புறக்கணிப்போர் தவறான முடிவுகளுக்கு வருவதும் உண்டு.

1908 முதல் 1945 வரை ஜேர்மன் படைகள் பயன்படுத்திய இயந்திரத் துப்பாக்கிகளின் தொடரிலக்கங்கள் எவற்றைக் கூறவல்லன, எவற்றைக் கூறமாட்டா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. இலக்கம் தானாக எதனையும் உரைப்பதில்லை; அதனை இட்ட முறைமையை அறிந்தவருக்கே அது சான்றாகின்றது என்பதே இங்கு வலியுறுத்தப்படும் கருத்தாகும்.

ஐக்கிய அமெரிக்காவிற் பிறந்து இலண்டனிற் பணிபுரிந்த ஹைரம் மாக்சிம் என்பவர் 1884ஆம் ஆண்டளவில் ஒரு புதிய துப்பாக்கியை உருவாக்கினார். ரவை வெடிக்கும்போது எழும் பின்னுதைப்பின் சக்தியைக் கொண்டே வெற்றுக் கோதை வெளியேற்றி, அடுத்த ரவையை ஏற்றி, மீண்டும் சுடும் ஆற்றல் அதற்கு இருந்தது. அதன் ஜேர்மன் வடிவமே 1908இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட எம்.ஜி. 08 ஆகும். ‘எம்.ஜி.’ என்பது இயந்திரத் துப்பாக்கியைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லின் சுருக்கம்; ‘08’ என்பது ஆண்டு. நீரினாற் குளிரூட்டப்பட்ட குழலையும் 250 ரவைகள் கொண்ட துணிப்பட்டியையும் உடைய இது நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 ரவைகளைச் சுடக்கூடியது. 1914இற் போர் மூண்டபோது ஒவ்வொரு காலாட்படைப் பிரிவிலும் இத்தகைய ஆறு துப்பாக்கிகளைக் கொண்ட ஓர் அணி இருந்தது. போர் நீடிக்கவே, வீரர்கள் சுமந்து செல்லக்கூடிய இலேசான வடிவமொன்று தேவைப்பட்டது. அவ்வாறு உருவாகி 1917இற் பரவலான பயன்பாட்டுக்கு வந்ததே எம்.ஜி. 08/15. ஏறத்தாழ 130,000 துப்பாக்கிகள் இவ்வகையில் உற்பத்தியாகின. எங்கும் ஒரேவிதமாகக் காணப்பட்ட இதன் பெயரே பின்னர் ஜேர்மன் மொழியில் ‘சிறப்பேதுமற்ற சாதாரணப் பொருள்’ என்னும் கருத்தைத் தரும் வழக்காகவும் நிலைத்துவிட்டது.

இத்துப்பாக்கிகளுக்கு இலக்கம் இடவேண்டிய தேவை யாது? முதலாவது தொழில்நுட்பக் காரணம். மாக்சிம் துப்பாக்கியின் பூட்டும் குழலும் ஒன்றோடொன்று மிக நுண்மையாகப் பொருந்தவேண்டும். இடைவெளி சற்று மிகுந்தாற் கோது பிளக்கும். குறைந்தால் துப்பாக்கி இயங்காது. அக்காலத் தொழிற்சாலைகள் பல உறுப்புக்களை இறுதியிற் கையால் அராவியே பொருத்தின. ஆகவே துப்பாக்கியைக் கழற்றித் துப்புரவு செய்தபின் அதே உறுப்புக்கள் அதே துப்பாக்கிக்குத் திரும்பவேண்டும் என்பதற்காகப் பெரிய உறுப்புக்களில் முழு இலக்கமும் சிறியவற்றில் அதன் இறுதி இலக்கங்களும் பொறிக்கப்பட்டன. இரண்டாவது நிருவாகக் காரணம். அரசின் உடைமையான படைக்கலம் எப்பிரிவிடம் உள்ளது, எப்போது பழுதடைந்தது, எவரிடமிருந்து காணாமற்போனது என்பவற்றுக்குக் கணக்குவேண்டும். மூன்றாவதாக, குறைபாடுடைய துப்பாக்கி எத்தொழிற்சாலையில் எக்கட்டத்தில் உருவானது என்பதைக் கண்டறிவதற்கும் இலக்கம் உதவியது. வருங்கால வரலாற்றாசிரியனை மனத்திற்கொண்டு எவரும் இலக்கம் இடவில்லை. இதனாலேயே அது மதிப்புமிக்க சான்றாகின்றது. புகழ்பாடும் நோக்குடைய மெய்க்கீர்த்தியிலும் பார்க்கக் களஞ்சியக் கணக்கேடு சில வேளைகளில் உண்மைக்கு அண்மையில் நிற்பது போன்றதே இது.

இனி, இலக்கமிடும் முறைமையை நோக்குவோம். துப்பாக்கியொன்றில் 4517 என்னும் இலக்கம் காணப்பட்டால் அது அவ்வகையில் உருவான 4517ஆவது துப்பாக்கி என்று கொள்வதே சாதாரண வாசகரின் இயல்பு. ஜேர்மன் படைக்கலங்களைப் பொறுத்தவரை இம்முடிவு பெரும்பாலும் தவறானது. அங்கு பரவலாக நிலவிய முறையின்படி ஒரு தொழிற்சாலை 1 முதல் 10,000 வரை எண்ணிச் செல்லும். அதனை எட்டியதும் மீண்டும் 1இலிருந்து தொடங்கி, இலக்கத்தின் பின்னால் ‘ஏ’ என்னும் சிற்றெழுத்தைச் சேர்க்கும். அடுத்த பத்தாயிரத்துக்கு ‘பீ’ என்னும் எழுத்து வரும். இலக்கங்கள் மிக நீண்டுவிடாமல் இருப்பதற்கு இது ஒரு வழி. றைபிள், கைத்துப்பாக்கி ஆகியவற்றில் இந்த வரிசை ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்குவதே வழக்கம். இயந்திரத் துப்பாக்கிகளிலும் இலக்கத்தோடு எழுத்துச் சேர்ந்த பொறிப்புக்களைக் காண்கிறோம்.

இம்முறைப்படி ‘4517 பீ’ என்பது அவ்வரிசையில் 24,517ஆவது இடத்தைக் குறிக்கும். எழுத்தைக் கவனியாது விட்டால் இருபதாயிரம் துப்பாக்கிகள் கணக்கிலிருந்து மறைந்துவிடும். அதே 4517 என்னும் இலக்கம் வேறொரு தொழிற்சாலையிலும் வேறோர் ஆண்டிலும் மீண்டும் இடப்பட்டிருக்கலாம். எனவே தொழிற்சாலை, ஆண்டு, எழுத்து, இலக்கம் ஆகிய நான்கும் சேர்ந்தே ஒரு துப்பாக்கியின் முழுமையான அடையாளமாகின்றன. ஒன்று குறைந்தாலும் அடையாளம் ஐயத்துக்குரியதாகும்.

சோழர் கல்வெட்டுக்களைப் பயின்றோர்க்கு இச்சிக்கல் புதியதன்று. சோழ மன்னர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறிமாறிச் சூடினர். ‘கோப்பரகேசரிக்கு யாண்டு பன்னிரண்டு’ என்று மட்டும் பொறித்த ஒரு கல்வெட்டு எந்த மன்னனுக்குரியது என்பதை அவ்வரியினால் மட்டும் துணிய முடியாது. எழுத்தமைதி, குறிப்பிடப்படும் அதிகாரிகள், கோயிலின் கட்டட வரலாறு ஆகியவற்றின் துணைகொண்டே அதற்குக் காலம் கணிக்கின்றோம். ஆட்சியாண்டு போன்றே தொடரிலக்கமும் ஓர் ஒழுங்கினுள் மட்டுமே பொருள்தரும் எண்ணாகும்.

முறைமையை அறியாது பொறிப்பை வாசிப்பதனால் விளையும் வழுவுக்கு ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. பேர்லின் நகரையடுத்த ஸ்பாண்டௌ என்னுமிடத்தில் அரச படைக்கலத் தொழிற்சாலை அமைந்திருந்தது. முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட பல துப்பாக்கிகளில் அவ்வூர்ப் பெயர் பொறிக்கப்பட்டிருந்ததைக் கண்ட நேசநாட்டுப் படையினர் அதனைத் துப்பாக்கியின் பெயரென்றே கொண்டனர். எர்பேர்ட் அரச தொழிற்சாலை, பேர்லினின் டி.டபிள்யூ.எம். நிறுவனம், நூரன்பேர்க்கின் எம்.ஏ.என். நிறுவனம், சீமன்ஸ்-ஹால்ஸ்கே, சூல் நகரின் சவர் ஆகியவையும் 08/15 துப்பாக்கியை உற்பத்தி செய்தன. ஆயினும் ஜேர்மன் இயந்திரத் துப்பாக்கிகள் யாவும் பிரித்தானியப் படையினரின் வாயில் ‘ஸ்பாண்டௌ’ ஆகிவிட்டன. இரண்டாம் உலகப் போரில் முற்றிலும் வேறான எம்.ஜி. 34, எம்.ஜி. 42 ஆகியவற்றையும் அவர்கள் அப்பெயராலேயே அழைத்தனர். ஆகவே ஒரு போர்வீரனின் நாட்குறிப்பில் ‘ஸ்பாண்டௌ’ என்று வந்தால், அது அவ்வூரிற் செய்யப்பட்ட துப்பாக்கிக்குச் சான்றாகாது.

ஆண்டுப் பொறிப்பும் இவ்வாறே எச்சரிக்கையுடன் வாசிக்கப்படவேண்டும். 1919ஆம் ஆண்டின் வேர்சாய் உடன்படிக்கை ஜேர்மன் தரைப்படையை 100,000 பேருக்குள் மட்டுப்படுத்தியது. அப்படை 792 கனரக இயந்திரத் துப்பாக்கிகளையும் 1,134 இலகுரகத் துப்பாக்கிகளையும் மாத்திரமே வைத்திருக்கலாம் என விதித்தது. போரின் பின்னர் எண்ணற்ற படைக்கலங்கள் பொதுமக்களிடமும் தனியார் படைகளிடமும் சிதறிக் கிடந்தன. இந்நிலையில் அரச உடைமையான படைக்கலங்களைப் பிரித்தறிவதற்காக அவற்றில் ‘1920’ என்னும் எண் பொறிக்கப்பட்டது. இதனால் ஒரே படைக்கலத்தில் 1917, 1920 என இரண்டு ஆண்டுகள் காணப்படுவதுண்டு. முன்னையது பிறந்த ஆண்டு. பின்னையது உடைமைக் குறி. 1920இல் உற்பத்தியான படைக்கலம் என இதனைக் கொள்வோர், உடன்படிக்கை மீறப்பட்டதற்குச் சான்று கிடைத்துவிட்டதாகவும் கருத நேரிடும்.

பின்லாந்துப் படையினரிடம் இருந்த மாக்சிம் துப்பாக்கிகளிலும் இத்தகைய அடுக்குகளைக் காணலாம். சார் மன்னராட்சியின்போது ரஷ்யாவின் தூலா நகரில் உற்பத்தியான துப்பாக்கி, 1917இற் பின்லாந்து சுதந்திரமடைந்ததை அடுத்து அந்நாட்டவர் கைக்கு வந்தது. 1942 முதல் ‘பின்லாந்துத் தரைப்படை’ என்பதைக் குறிக்கும் ஈரெழுத்து முத்திரையையும் பெற்றது. ஒரே உலோகத் துண்டு இரண்டு அரசுகளின் வரலாற்றைத் தாங்கி நிற்கின்றது. அகழ்வாராய்ச்சியில் மண்ணடுக்குக்களைப் பிரித்தறிவது போன்று இப்பொறிப்புக்களையும் காலவரிசையிற் பிரித்தறிய வேண்டியுள்ளது.

இவ்வாராய்ச்சி வெறுமனே படைக்கலம் சேகரிப்போரின் பொழுதுபோக்கு என எண்ணுதல் பொருந்தாது. பொதுமக்களின் நினைவோடு அது தொடர்புறும் இடமொன்றை அவுஸ்திரேலியாவிற் காணலாம். 1917 மே மாதத்தில் அவுஸ்திரேலியப் போர்ப் பதிவேட்டுப் பிரிவு நிறுவப்பட்டது. ஜோன் ட்ரெலோர் அதற்குப் பொறுப்பாயிருந்தார். கைப்பற்றப்பட்ட துப்பாக்கிகளை அவற்றைக் கைப்பற்றிய படைப்பிரிவின் பெயரோடு திரட்டும் பணி அப்பிரிவைச் சார்ந்தது. போரின் பின் அவற்றுட் பல அந்நாட்டின் நகரங்களுக்கும் சிற்றூர்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. உயிர்நீத்தோரின் நினைவுத் தூண்களின் அருகிலும் பூங்காக்களிலும் அவை வைக்கப்பட்டன. சிலவே நூதனசாலைகளை அடைந்தன. வேறு பல துருப்பிடித்தும் கைவிடப்பட்டும் அழிந்தன.

எஞ்சியவற்றைப் பற்றி ஊர் மக்களிடையே வழங்கும் கதைகளை அவற்றின் பொறிப்புக்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1916 ஜூலையிலும் ஓகஸ்டிலும் பிரான்சின் பொசியேர் என்னும் சிற்றூரைச் சுற்றி நடந்த போரில் அவுஸ்திரேலியர் சுமார் ஆறு வாரங்களில் ஏறத்தாழ 23,000 பேரை இழப்பாகக் கண்டனர். தமது ஊரிலுள்ள துப்பாக்கி அப்போரிற் கைப்பற்றப்பட்டது என்று கூறிக்கொள்வது எந்த ஊருக்கும் பெருமையே. ஆனால் அத்துப்பாக்கியில் 1918 எனப் பொறிக்கப்பட்டிருப்பின் அக்கதை நிற்காது. மறுதலையாக, 1915 எனப் பொறிக்கப்பட்டிருப்பின் அது பொசியேரிற் கைப்பற்றப்பட்டது என்பது நிறுவப்பட்டதாகுமா? ஆகாது. 1915இற் செய்யப்பட்ட துப்பாக்கி 1918 வரையும் போர்க்களத்தில் இருந்திருக்கலாம். பொறிப்பு நிகழ்ச்சிக்கு ஒரு முன்னெல்லையை மட்டுமே வகுக்கின்றது, பின்னெல்லையை வகுப்பதில்லை. ஒரு கூற்றைப் பொய்யென நிறுவும் வலிமை அதற்கு உண்டு. மெய்யென நிறுவும் வலிமை தனித்து நிற்கையில் இல்லை. மெய்யென நிறுவுவதற்குக் கைப்பற்றிய காலத்துப் பதிவேட்டில் அதே இலக்கம் காணப்படவேண்டும். போரிலே மகனை இழந்த குடும்பத்தின் வழிவந்தோர் நம்பும் ஒரு கதையைத் திருத்தும்போது வரலாற்று மாணவர் எத்துணை உறுதியோடு பேசலாம், எங்கு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை இவ்வேறுபாடே தீர்மானிக்கின்றது.

1933இற் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஜேர்மனி இரகசியமாகப் படைக்கலப் பெருக்கத்தில் ஈடுபட்டது. உற்பத்தியாளரின் பெயர்கள் படைக்கலங்களிலிருந்து மறையலாயின. மௌசர் நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக ‘எஸ்/42’ என்னும் குறியீடும், 1934, 1935 ஆகிய ஆண்டுகளுக்குப் பதிலாக முறையே ‘கே’, ‘ஜீ’ என்னும் எழுத்துக்களும் றைபிள்களிலும் கைத்துப்பாக்கிகளிலும் இடப்பட்டன. பின்னர் எண்களும், 1940ஐ அடுத்து எழுத்துக்களாலான குறியீடுகளும் வழக்குக்கு வந்தன. ‘பீ.வை.எவ்.’ என்பது ஓபன்டோர்வ் நகரின் மௌசர் தொழிற்சாலை; ‘டீ.ஓ.ரீ.’ என்பது பேர்னோ நகரின் தொழிற்சாலை. எதிரியின் கையிற் துப்பாக்கி சிக்கினாலும் அது எங்கு செய்யப்பட்டது என்பது தெரியலாகாது என்பதே நோக்கம்.

பெயரை மறைத்த நிருவாகம் தொடரிலக்கத்தை மறைக்கவில்லை, மறைக்கவும் இயலவில்லை. கணக்கும் பரிசோதனையும் அதனையே நம்பியிருந்தன. இந்த முரண்பாட்டை நேசநாட்டினர் பயன்படுத்திக்கொண்டனர். இலண்டனிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தின் பொருளாதாரப் போர்ப் பிரிவு 1943 தொடக்கம் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் பொருள்களின் பொறிப்புக்களைத் திரட்டி ஆராய்ந்தது. ரயர், வாகனம், தாங்கி, பீரங்கி, ஏவுகணை எனப் பலவும் இவ்வாராய்ச்சிக்கு உட்பட்டன. றிச்சட் றகிள்ஸ், ஹென்றி புறோடி ஆகிய இருவரும் 1947இல் அதன் முறைகளையும் பெறுபேறுகளையும் வெளியிட்டனர்.

அதன் அடிப்படை எளிது. ஒன்றிலிருந்து தொடர்ச்சியாக இலக்கமிடப்பட்ட பொருள்களில் ஐந்து, எவ்விதத் தெரிவுமின்றி எமது கைக்குக் கிடைக்கின்றன எனவும், அவற்றுள் மிகப் பெரிய இலக்கம் 240 எனவும் கொள்வோம். மொத்தத் தொகை 240இலும் குறையாது. எவ்வளவு கூடும்? கிடைத்த இலக்கங்களுக்கு இடையே சராசரியாக உள்ள இடைவெளி எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே மிகப் பெரிய இலக்கத்துக்கு அப்பாலும் இருக்கும் என எதிர்பார்க்கலாம். 240ஐ ஐந்தால் வகுக்க 48; அதனை 240உடன் கூட்டி ஒன்றைக் கழிக்க 287. இதுவே மதிப்பீடு.

இதன் பயனைத் தாங்கிகள் தொடர்பாகக் காணலாம். 1940 ஜூன் மாதத்தில் ஜேர்மனி 1,000 தாங்கிகளை உற்பத்தி செய்ததென உளவுத்துறை கணித்திருந்தது. தொடரிலக்க ஆய்வு தந்த தொகை 169. போரின் பின்னர் கிடைத்த ஜேர்மன் ஆவணங்கள் காட்டிய உண்மைத் தொகை 122. 1942 ஓகஸ்டுக்கு உளவுத்துறையின் கணிப்பு 1,550, தொடரிலக்க ஆய்வின் மதிப்பீடு 327, உண்மை 342. உளவாளிகளின் செவிவழிச் செய்திகளும் எதிரியின் பிரசாரமும் மிகைப்படுத்திய எண்ணிக்கையைப் பரிசோதகரின் சிறு சுத்தியல் அடித்த இலக்கங்கள் திருத்தின. போர்க்காலப் புள்ளிவிவரங்களை அவ்வாறே எடுத்தாளும் வரலாற்று நூல்களை வாசிக்கும்போது நாம் இதனை நினைவிற்கொள்ளுதல் நன்று.

இம்முறைக்கும் நிபந்தனைகள் உண்டு. இலக்கங்கள் தொடர்ச்சியாக இருத்தல்வேண்டும். இடையில் வேண்டுமென்றே பாய்ச்சல் விடப்பட்டிருத்தல் ஆகாது. கிடைத்த மாதிரிகள் ஒரே களத்தினின்றும் ஒரே தொகுதியினின்றும் வந்தவையாக இருத்தல் ஆகாது. ஒரு புதிய படைப்பிரிவுக்கு ஒரே நாளில் வழங்கப்பட்ட துப்பாக்கிகள் அடுத்தடுத்த இலக்கங்களைக் கொண்டிருக்கலாம். அப்பிரிவு முழுவதும் சரணடைந்தால் நூறு துப்பாக்கிகள் கிடைத்தும் அவை ஒரே செய்தியையே கூறும்.

குறியீடுகளுக்குப் பின்னால் மறைந்தவை தொழிற்சாலைகளின் பெயர்கள் மட்டுமல்ல. ‘டீ.ஓ.ரீ.’ என்னும் மூன்றெழுத்துக்குப் பின்னால் 1939 மார்ச்சில் ஜேர்மனி கைப்பற்றிய செக்கொஸ்லோவாக்கியாவின் பேர்னோ நகரும், அடிமைப்படுத்திய படைக்கே துப்பாக்கி செய்துகொடுக்க நேர்ந்த செக் தொழிலாளரும் உள்ளனர். ஒஸ்திரியாவின் ஸ்ரெயர் நிறுவனம் மௌத்தவுசன் தடுப்பு முகாமைச் சேர்ந்த கூசன் முகாமின் கைதிகளைப் படைக்கல உற்பத்தியில் ஈடுபடுத்தியது. குஸ்ரொவ் நிறுவனத்தின் தொழிற்சாலையொன்று புக்கன்வால்ட் முகாமின் அருகிலேயே அமைந்திருந்தது. 1944 ஓகஸ்ட் 24இல் நேசநாட்டு விமானங்கள் அதன்மீது குண்டு வீசியபோது கைதிகளும் மாண்டனர். அம்முகாம்களிற் கைதியின் பெயர் நீக்கப்பட்டு, அவனது உடையில் ஓர் இலக்கம் தைக்கப்பட்டது. துப்பாக்கியை எண்ணிய அதே நிருவாக மனப்பான்மை மனிதனையும் எண்ணியது. இன்று ஜேர்மனியின் பாட் அரோல்சன் நகரச் சுவடிக்கூடத்திற் பேணப்படும் கைதிகளின் இலக்கப் பதிவுகளைக் கொண்டே, காணாமற்போன பலரின் முடிவு அவர்தம் குடும்பத்தினருக்குத் தெரிவிக்கப்பட்டு வருகின்றது. அங்கு இலக்கத்தை வாசிக்கும் திறன் ஒரு பெயரை மீட்கும் பணியாகின்றது.

இறுதியாக, இவ்வகைச் சான்றை அணுகுவோர் கைக்கொள்ளவேண்டிய ஒழுங்கைத் தொகுத்து நோக்கலாம். முதலில், பொறிப்பு முழுவதையும், எழுத்தொன்றும் விடாது, உள்ளபடியே பிரதிசெய்தல் வேண்டும். இரண்டாவதாக, உறுப்புக்களின் இலக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என ஆராய்தல் வேண்டும். பொருந்தாவிடின் அது திருத்தப்பட்ட அல்லது பல துப்பாக்கிகளிலிருந்து சேர்க்கப்பட்ட ஒன்றாகலாம், அப்போது இலக்கம் அது பொறிக்கப்பட்ட உறுப்பின் காலத்தை மட்டுமே காட்டும். மூன்றாவதாக, உற்பத்திக் குறி, பரிசோதகர் முத்திரை, உடைமைக் குறி ஆகியவற்றை வேறுபடுத்தல் வேண்டும். நான்காவதாக, அத்தொழிற்சாலை அவ்வாண்டிற் கைக்கொண்ட இலக்க முறைமையை அறிதல் வேண்டும். இவை யாவும் முடிந்த பின்னரே எழுத்தாவணங்களோடு ஒப்பிட்டு முடிவு கூறுதல் தகும்.

வரலாற்றை எழுதுவோர் படைத்தலைவர்களின் நினைவுக் குறிப்புக்களையும் அரசுகளின் அறிக்கைகளையும் பெரிதும் நம்பி வந்துள்ளனர். அவை பேசவேண்டும் என்னும் நோக்குடன் எழுதப்பட்டவை. ஆகவே எதனைப் பேசாது விடவேண்டும் என்பதையும் அறிந்தவை. தொடரிலக்கம் அத்தகைய நோக்கமற்றது. தொழிற்கூடத்தில் ஒரு தொழிலாளி அன்றைய கடமையாக அடித்த அந்நான்கு எண்களுக்கு எவரையும் உயர்த்தவோ தாழ்த்தவோ தேவையிருக்கவில்லை. அவ்வெண்களை அவை கூறும் அளவுக்கு நம்பி, கூறாத இடத்தில் எமது விருப்பத்தை அவற்றின் வாயில் இடாதிருப்பதே வரலாற்று மாணவரின் கடமையாகும்.